நீல நோட்டில் நான் போடாத கையெழுத்து

1

போன ஆவணியில் அண்ணன் மகள் கல்யாணத்துக்கு நான் மட்டும் தனியாக வந்து போனதைத் தென்காசியில் பலரும் பார்த்திருப்பீர்கள். வீட்டுக்காரி எங்கே, பையன் எங்கே என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதிலைச் சொன்னேன். கோமதிக்கு முழங்கால் வலி, மனோவுக்குப் பரீட்சை. முழங்கால் வலி நிஜம். பரீட்சை பொய்.

மனோவுக்கு இப்போது இருபது வயது. சிங்கப்பூரில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரியில் படிக்கிறான். கல்யாணப் பத்திரிகை வந்த அன்றே அவனிடம் நீட்டினேன். மஞ்சள் தடவிய மூலையை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு மேஜைமேல் வைத்தான். "நீங்க போயிட்டு வாங்கப்பா" என்றான். ஏதோ பெண் விவகாரம், ஊருக்கு வந்தால் நாம் முறைப்பெண் பேசிவிடுவோம் என்று பயப்படுகிறான் என்று நான் முடிவு கட்டினேன். அவன் குளிக்கப் போன சமயம் சட்டைப் பையைத் தடவியும் பார்த்தேன். ஒரு பேனா மூடிதான் இருந்தது.

என்னைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். துறைமுகத்தில் சரக்குச் சரிபார்க்கும் குமாஸ்தாவாகப் பதினேழு வருஷமாக இருக்கிறேன். கப்பல்காரன் நூறு பெட்டி என்று காகிதத்தில் எழுதியிருப்பான். அதை நம்பாமல் எண்ணிப் பார்ப்பதுதான் என் வேலை. சந்தேகப்படுவதற்குச் சம்பளம் வாங்குகிறவன், வீட்டுக்கு வந்ததும் அந்தக் குணத்தைக் கழற்றிச் சட்டையோடு மாட்டிவிட முடியுமா? முடியவில்லை. "உங்களுக்குச் சந்தேகம் வந்தா சாமிகிட்டயே ரசீது கேப்பீங்க" என்று கோமதி சொல்லுவாள்.

2

மனோவுக்குப் பதினைந்து வயது முடியும்போது பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு நீல நோட்டைக் கொண்டுவந்தான். வெள்ளைக்காரர்கள் ஆரம்பித்துவைத்த ஏதோ ஒரு இளைஞர் திட்டம். நாலு பகுதி. ஊருக்கு உபகாரமாக ஒரு வேலை, கைத்தொழிலாக ஒன்று, உடற்பயிற்சி, கடைசியில் ஒரு நடைப்பயணம். நாலையும் முடித்து, ஒவ்வொன்றுக்கும் உரியவர்களிடம் கையெழுத்து வாங்கினால் சட்டையில் குத்திக்கொள்ள ஒரு சின்னம் தருவார்கள்.

எனக்கு முதல் நாளிலிருந்தே அது பிடிக்கவில்லை. இலவசமாக ஒரு ஆள் நம் பிள்ளைக்கு எதையாவது சொல்லிக் கொடுக்கிறான் என்றால் அதில் அவனுக்கு ஒரு லாபம் இருக்க வேண்டும். பட்டாளத்துக்கு ஆள் பிடிக்கிறார்கள் என்று நினைத்தேன். அப்புறம், மதம் மாற்றுகிற வேலையாக இருக்குமோ என்று நினைத்தேன். நம்மூரில் சீசன் வந்தால் தென்காசியிலிருந்து குற்றாலத்துக்குத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு எத்தனையோ பேர் நடக்கிறார்கள், அவர்களுக்கு யார் சின்னம் குத்திவிட்டார்கள் என்றும் கேட்டேன்.

மனோ நோட்டைப் புரட்டினான். உபகார வேலைக்கு முதியோர் விடுதி ஒன்றில் தரை துடைக்கப் போகிறேன் என்றான். வீட்டில் தான் குடித்த டம்ளரைக் கழுவாதவன் அவன். ஒரு சனிக்கிழமை நான் விடுதிக்கு எதிர்ச்சாரியில் போய், பழக்கடை மறைவில் நின்றேன். ஜன்னல் வழியாகப் பார்த்தால் பையன் கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு ஒரு சீனக் கிழவரின் கட்டிலுக்கு அடியில் குனிந்து துடைத்துக்கொண்டிருந்தான். பெருமையாக இருந்தது. ஆனால் பார்த்ததை அவனிடம் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

மூன்று பகுதிக்கும் கையெழுத்து வந்துவிட்டது. நடைப்பயணம் மட்டும் பாக்கி. மற்ற பையன்கள் ஜோகூர் பக்கம் காட்டுக்குப் போகும்போது நாங்கள் லீவில் ஊருக்கு வருவதாக இருந்தது. மனோ வாத்தியாரிடம் பேசி, தன் பயணத்தைத் தென்காசியில் நடத்திக்கொள்ள அனுமதி வாங்கிவிட்டான். வாத்தியார் எனக்கு ஒரு கடிதம் தட்டச்சில் அடித்து அனுப்பியிருந்தார். அவரால் கூட வர முடியாததால், வழியில் இரண்டு மூன்று இடங்களில் தகப்பனாராகிய நானே விசாரித்து, பையன் விதிப்படி நடந்து முடித்தான் என்று நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடலாம் என்று அதில் இருந்தது.

விசாரித்து என்ற சொல்லைக் கண்டதும் எனக்கு உற்சாகம் வந்துவிட்டது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

3

அறுபத்தைந்தாம் வருஷம் ஆனி மாதம். நல்ல சாரல். அண்ணன் வீட்டு வாசலில் நின்று மனோ பையைத் தோளில் மாட்டினான். அரைப்படி அரிசி, கொஞ்சம் பருப்பு, ஒரு சின்ன அலுமினியப் பாத்திரம், தார்ப்பாய், திசைகாட்டி, நோட்டு. தென்காசியிலிருந்து குற்றாலம், ஐந்தருவி, அந்தப் பக்கம் ராத்தங்கல். மறுநாள் செங்கோட்டை வழியாக, மாநில எல்லையில் இருக்கும் புளியறை சோதனைச் சாவடியைத் தொட்டுவிட்டு, செங்கோட்டை ரோட்டிலேயே திரும்பி வீடு. எப்படியும் இருபத்தைந்து மைல். வண்டி ஏறக்கூடாது. பிறர் வீட்டில் சாப்பிடக்கூடாது, கூரைக்குக் கீழே படுக்கக்கூடாது. தானே சமைக்க வேண்டும்.

"இந்தப் புள்ளைக்கு என்ன தலையெழுத்து? வீடு இல்லையா, வாசல் இல்லையா?" என்று அண்ணி வாய்விட்டே அழுதாள். அண்ணன் என்னைத் தனியாக அழைத்து, "ஏலே, நேர்த்திக்கடனா?" என்று கேட்டார்.

மறுநாள் பொழுது சாயும்போது வருவான் என்று எதிர்பார்த்தேன். நாலு மணிக்கே வந்துவிட்டான். சிரித்துக்கொண்டு வந்தான். காலில் ஒரு கொப்புளம் இல்லை. பாத்திரத்தை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். அடியில் கரி இல்லை, பளபளவென்று இருந்தது. அரிசிப் பையைக் காணோம்.

"ஓடையில மண்ணு போட்டுத் தேய்ச்சேன்ப்பா" என்றான் பாத்திரத்துக்கு. அரிசிக்கு நோட்டைத் திறந்து காட்டினான். சாவடியில் பையைப் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். திசைகாட்டி எதற்கு, மைல் கணக்கை ஏன் எழுதுகிறாய் என்று கேட்டிருக்கிறார்கள். அரிசிக் கட்டுப்பாடு கடுமையாக இருந்த காலம், எல்லைப் பக்கம் அரிசி கொண்டுபோகக் கூடாது என்று சொல்லி, மிச்சமிருந்த அரிசியைப் பையோடு வாங்கிவைத்துவிட்டார்கள். அன்று பகலில் நிலக்கடலை வாங்கித் தின்றிருக்கிறான்.

"அரிசிக்குச் சீட்டு கீட்டு ஏதும் எழுதிக் குடுத்தாங்களா?"

"இல்லப்பா. ரெண்டு கை அரிசிதானே இருந்துச்சு. நான் கேக்கல."

அந்த இடத்தில் என் மனசு அவனை விட்டு நகர்ந்துவிட்டது. சீட்டு இல்லாமல் ஒரு சாமான் கைமாறியது என்று எந்தக் கப்பல்காரன் சொன்னாலும் நான் நம்பமாட்டேன்.

4

மறுநாள் காலையில் குற்றாலத்துக்குப் பஸ் ஏறினேன்.

பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் சுப்பையா அண்ணாச்சிக்குச் சுக்குக் காப்பிக் கடை. எங்களுக்குப் பங்காளி முறை. நான் காலில் ஷூவும், கையில் மனோவின் நீல நோட்டுமாகக் கடை முன்னால் நின்றேன். உட்காரச் சொன்னார், உட்காரவில்லை.

"முந்தாநாள் மனோ இந்த வழியா நடந்து போனானா அண்ணாச்சி? நீங்க கண்ணால பாத்தீங்களா?"

அண்ணாச்சி கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார். "நடந்தா? நம்ம புள்ளைய நடக்க விடுவேனா தம்பி? சாரல் அடிக்குது, தோள்ல மூட்டை வேற. குதிரை வண்டிய நிப்பாட்டி ஐந்தருவிக்கு நானேல்லா ஏத்தி விட்டேன். பத்திரமா இறக்கி விடுலேன்னு வண்டிக்காரன்ட்ட சொல்லி அனுப்புனேன்."

"நிஜமாவா?"

"நான் எதுக்குத் தம்பி உங்கிட்ட பொய் சொல்லுதேன்?"

ஐந்தருவிக்கு அப்பால் ஒரு மங்குஸ்தான் தோட்டம். அதன் காவல்காரர் எங்களுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். அவர் மனைவி பேச்சியம்மா மதினி மட்டும்தான் இருந்தாள். அன்று ராத்திரி மனோ எங்கே படுத்தான் என்று கேட்டேன்.

"அங்கன ஈரத்துல படுக்க விட்டா ஊரு என்னைக் காறித் துப்பாதா? உள்ள கட்டில் போட்டுக் குடுத்தேன் கொழுந்தனாரே. தோசை சுட்டேன். எட்டுத் தோசை தின்னான்."

எட்டு என்று எண்ணிக்கையோடு வேறு சொல்லிவிட்டாள். எண்ணிக்கை சொன்னால் நான் நம்பிவிடுவேன்.

செங்கோட்டை பஸ் நிலையத்தில் கோமதியின் தம்பி வேலாயுதம் அகப்பட்டான். புளியறைத் தடத்தில் ஓடும் ஒரு தனியார் பஸ்ஸில் கண்டக்டர். நான் வாயைத் திறந்ததுமே, "தாய்மாமன் ஒருத்தன் இந்த ரோட்டுல பஸ்ஸுல தொங்கிட்டுத் திரியும்போது மருமவன் நடந்து போவானா அத்தான்? எங்க வண்டியிலதான் போனான், எங்க வண்டியிலதான் வந்தான்" என்று நெஞ்சில் கைவைத்துச் சொன்னான்.

மூன்று இடம், மூன்று சாட்சி, ஒரே பதில். புளியறைக்கு இன்னும் நாலைந்து மைல்தான் இருந்தது. அங்கே போய் அரிசியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். இனி எதற்கு என்று செங்கோட்டையிலேயே திரும்பிவிட்டேன்.

5

அன்று சாயங்காலம் அண்ணன் வீட்டுப் பட்டாசாலைக் கூடம் நிறைய ஆட்கள். சிங்கப்பூரிலிருந்து வந்திருக்கிறோம் என்று பார்க்க வந்த சொந்தக்காரர்கள். அத்தனை பேருக்கும் நடுவில் மனோவை நிறுத்தி விசாரித்தேன். தனியாகக் கேட்டிருக்கலாம். நான் ஏமாறவில்லை என்று நாலு பேருக்குத் தெரிய வேண்டும் என்ற ஆசையும் எனக்கு இருந்தது.

"நடந்தியா?"

"நடந்தேன்ப்பா."

"குற்றாலத்துல குதிரை வண்டி ஏறலை? தோட்டத்துல கட்டில்ல படுக்கலை? உன் மாமன் பஸ்ஸுல புளியறைக்குப் போகலை?"

அவன் முகம் வெளுத்தது. "யாரு சொன்னது?" என்றான். பேரைச் சொன்னேன்.

"அப்போ அண்ணாச்சி பொய்யனா? மதினி பொய்க்காரியா? உன் தாய்மாமன் பொய்யனா? வாயைத் திறந்து சொல்லு."

அவன் என்னைப் பார்த்தான். கூடியிருந்தவர்களைப் பார்த்தான். வாயை மூடிக்கொண்டான். உள்கட்டிலிருந்து கோமதி, "புள்ள முகத்தைப் பாருங்க, விடுங்க" என்றாள். நான் முகத்தைப் பார்க்கவில்லை, நோட்டைத்தான் பார்த்தேன். பயணம் விதிப்படி முடிக்கப்படவில்லை என்று இங்கிலீஷில் எழுதி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் ஒரு கோடு இழுத்தேன்.

அண்ணன் மகன் ஒருத்தன் மூலையிலிருந்து, "ஏலே பஸ் மனோ!" என்று கூப்பிட்டான். எல்லோரும் சிரித்தார்கள். கேலிதான், நம்மூரில் யார் யாரைக் கேலி செய்யவில்லை? ஆனால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. நாங்கள் ஊரைவிட்டுக் கிளம்புகிற வரைக்கும் தெருவில் போகிற பொடிசுகள்கூட அப்படித்தான் கூப்பிட்டன. சிரிக்கப் பழகிக்கொள் என்று நானே அவனிடம் சொன்னேன்.

சிங்கப்பூர் திரும்பியதும் வாத்தியார் இன்னொரு முறை முயற்சி செய்யச் சொல்லியிருக்கிறார். வேண்டாம் என்று சொல்லிவிட்டான். அதற்குப் பிறகு என்னிடம் பேச்சைக் குறைத்தான். நான் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் இரண்டு வார்த்தை பதில் வரும். எங்கே போய்விட்டு வந்தாலும், நான் கேட்காமலே, பஸ் டிக்கெட்டை எடுத்து என் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவான். பையன் பொறுப்பாகிவிட்டான் என்று கொஞ்ச நாள் சந்தோஷப்பட்டேன். அது பொறுப்பு இல்லை என்று கோமதிதான் ஒருநாள் எடுத்துச் சொன்னாள்.

6

கல்யாணத்தன்று பந்தி முடிந்து, அண்ணன் வீட்டுப் பட்டாசாலையில் வெற்றிலைத் தட்டைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். சுப்பையா அண்ணாச்சி எனக்கு எதிரில். பேச்சியம்மா மதினி தூணில் சாய்ந்து பாக்கு வெட்டிக்கொண்டிருந்தாள்.

"எங்க தம்பி அந்த ரோஷக்காரன்? வரலையா?" என்றார் அண்ணாச்சி.

"பரீட்சை" என்றேன். "ரோஷக்காரனா?"

"ஆமா, பின்ன? அன்னைக்குக் குதிரை வண்டிய நிப்பாட்டி எவ்வளவு கெஞ்சுனேன் தெரியுமா? ஏறமாட்டேன்னுட்டானே. காப்பியாவது குடிலேன்னா, பெரியப்பா கோவிச்சுக்காதீங்க, குடிச்சா தப்புன்னுட்டு விறுவிறுன்னு நடந்து போறான். சாரல்ல நனைஞ்சிக்கிட்டே போறான். எனக்கு அன்னைக்கு முழுக்க யாவாரமே ஓடலை."

கையிலிருந்த வெற்றிலையைத் தட்டில் வைத்தேன். "ஏத்தி விட்டேன்னுல்ல சொன்னீங்க!"

அண்ணாச்சி சிரித்தார். "நீ வந்து நின்ன நிப்பு அப்படி! கையில நோட்டு, மூஞ்சில கடுகு வெடிக்குது. புள்ளைய நடக்க விட்டியாங்கிற மாதிரி கேட்ட. நாலு கடல் தாண்டி வந்த புள்ளைய, என் கடை வாசல் வழியா மழையில நடக்க விட்டேன்னு எந்த வாயால சொல்ல? உங்க அண்ணன் மூஞ்சில நான் முழிக்க வேண்டாமா?"

நான் மதினியைத் திரும்பிப் பார்த்தேன். "எட்டுத் தோசை?"

"சுட்டது நெசம் கொழுந்தனாரே" என்றாள் மதினி, பாக்குவெட்டியை நிறுத்தாமல். "அவன் தொடலை. மாமரத்தடியில தார்ப்பாயக் கட்டி, மூணு கல்லக் கூட்டி, கஞ்சி மாதிரி என்னத்தையோ காச்சிக் குடிச்சான். நான் பக்கத்துலயே உக்காந்து அழுதேன். எட்டையும் பசுவுக்குத்தான் போட்டேன்."

வேலாயுதத்தைத் தேடிப் போய்க் கேட்கத் தேவையே இருக்கவில்லை. அவனே வந்து சொன்னான். பஸ்ஸை நடுரோட்டில் நிறுத்தி, டிரைவர் ஹாரன் அடித்து, பிரயாணிகள் எல்லாம் தலையை நீட்டி ஏறச் சொல்லியும், "மாமா, நீங்க போங்க" என்று கையசைத்துவிட்டு நடந்திருக்கிறான். "கூட்டிட்டுப் போகலைன்னா அக்கா என்னைச் சும்மா விடுவாளா அத்தான்? அதான் அப்படிச் சொன்னேன். சின்ன விஷயம், இதையா மனசுல வச்சிருக்கீங்க?"

அவர்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. நம்மூர்க்காரன் எவனிடம் போய், எங்கள் வீட்டுப் பிள்ளையை நடக்க விட்டாயா என்று கேட்டாலும் இதே பதில்தான் வரும். அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு அது தெரிந்திருக்க வேண்டும். பெட்டி எண்ணிப் பெட்டி எண்ணி, மனுஷன் எதற்காக என்ன சொல்லுவான் என்பது எனக்கு மறந்துபோயிருந்தது.

அங்கேயே, அந்த இடத்திலேயே எழுந்து நின்று, பட்டாசாலையில் இருந்தவர்களிடம் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். அதே பட்டாசாலைதான், ஏறக்குறைய அதே ஆட்கள்தான். எனக்கு வெட்கமாக இருந்தது. வெற்றிலையைப் போட்டுக்கொண்டு சும்மா இருந்துவிட்டேன். மறுநாள் பஸ் ஏற்றிவிட வந்த அண்ணன் மகன், "பஸ் மனோவைக் கேட்டதாச் சொல்லுங்க சித்தப்பா" என்றபோதும் தலையைத்தான் ஆட்டினேன்.

7

வீட்டுக்கு வந்து சேர்ந்த மறுநாள் காலையில், மனோ கல்லூரிக்குக் கிளம்பும் நேரத்தில் அவனை உட்காரச் சொன்னேன். ஊரில் நான் கேள்விப்பட்டதையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னேன். "தப்புப் பண்ணிட்டேன்ப்பா" என்றேன்.

அவன் ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். "சுப்பையா பெரியப்பா நல்லா இருக்காங்களா?" என்று கேட்டான்.

"நல்லா இருக்காரு. நீ ஏன்டா அன்னைக்கே சொல்லலை, அவங்க பொய் சொல்லுதாங்கன்னு?"

"எப்படிப்பா சொல்றது? அத்தனை பேர் முன்னாடி பெரியப்பாவையும் மாமாவையும் பொய்யன்னு நான் சொல்லணுமா? அவங்க ஏன் அப்படிச் சொன்னாங்கன்னு எனக்கு அப்பவே புரிஞ்சிருச்சு. அவங்க மேல எனக்கு வருத்தமே இல்லை." கயிறைக் கட்டி முடித்துவிட்டு நிமிர்ந்தான். "நான் நடந்தேன்னு உங்ககிட்ட சொன்னேன். அதை விட்டுட்டு நீங்க பஸ் ஏறிப் போய் விசாரிச்சீங்களேப்பா."

நாலு வருஷத்தில் அவன் என்னிடம் இத்தனை தமிழ் பேசியதில்லை. அதைக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, இவன் நிஜமாகவே மன்னித்துவிட்டானா, இல்லை பேச்சை முடித்தால் போதும் என்று சொல்லுகிறானா என்று எனக்குள் ஒரு கேள்வி எழுந்தது. அந்த நேரத்தில்கூட எழுந்தது. என்ன ஜென்மம் நான் என்று இருந்தது.

வாசலில் நின்று அவன் ஒன்றே ஒன்று கேட்டான். "ஊர்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டீங்களா?"

"இல்லை" என்றேன்.

தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டான்.

அதனால்தான் இதை எழுதி, ஊரில் எல்லோர் கையிலும் கிடைக்கிற பத்திரிகைக்கு அனுப்புகிறேன். பட்டாசாலையில் அன்று சிரித்தவர்கள் படிக்க வேண்டும். படிக்கத் தெரியாதவர்களுக்குப் படித்துக் காட்ட வேண்டும். சுப்பையா அண்ணாச்சியும் மதினியும் வேலாயுதமும் கோபித்துக்கொண்டால் அதை நான் வாங்கிக்கொள்கிறேன்.

என் மகன் மனோகரன் தென்காசியில் புறப்பட்டுப் புளியறைச் சாவடி வரைக்கும் போய்த் திரும்பி வீடு வரும்வரை ஒவ்வொரு அடியையும் நடந்தான். செங்கோட்டையோடு திரும்பி வந்தவன் நான்.